அப்பா வாங்கிய ரம்ப மிஷினை மறுபடி ஓட வைப்பது எப்படி

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியபோது, பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரித் தோப்பும் பலாவும் ஒரே நாளில் படுத்துவிட்டன. எங்கள் தோப்பிலும் அப்படித்தான். விழுந்த மரத்தை அறுக்க ஆள் கிடைக்கவில்லை, கிடைத்த ஆள் கேட்ட கூலி கட்டவில்லை. அடுத்த மாதமே அப்பா ஒரு 45 சி.சி. பெட்ரோல் ரம்ப மிஷினை (செயின்சா) வாங்கி வந்தார். சில வருடம் நன்றாக உழைத்தது. அப்புறம் மோட்டார் கொட்டகையில் ஆணியில் தொங்கிப்போனது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் இதே மாதிரி மிஷின் வாங்கிய வீடுகள் நிறைய. மரத்தை அப்புறப்படுத்தி முடித்ததும் அவையும் மூலைக்குப் போயிருக்கும்.

இப்படி மூலையில் கிடக்கும் மிஷின்களில் பெரும்பாலானவை தேய்ந்து செத்தவை அல்ல. டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல் கெட்டுப்போய் மூச்சடைத்தவை. பொறுமையாக ஓரிரு நாள் ஒதுக்கி உட்கார்ந்தால், முன்பின் மெக்கானிக் வேலை தெரியாதவர்கூட உயிர் கொடுத்துவிடலாம். டிவிஎஸ் 50-யின் ப்ளக்கைக் கழற்றித் துடைத்த அனுபவம் இருந்தால் போதும். இதுவும் அதே டூ ஸ்ட்ரோக் ஜாதிதான்.

முதலில் கயிற்றை இழுக்காதீர்கள்

பழைய மிஷினைக் கையில் எடுத்ததும் எல்லோரும் செய்வது, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் கயிற்றை இழுத்துப் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் இருக்காது. லேசான துரு இருக்கலாம். சைலன்ஸருக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம், எங்கள் மிஷினில் கட்டியிருந்தது. அந்த மண் உள்ளே விழுந்தால் நல்ல எஞ்சினை நாமே கெடுத்ததாகிவிடும். தப்பித்தவறி மிஷின் ஓடிவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். அதற்கான காரணத்தைக் கீழே பெட்ரோல் பகுதியில் சொல்கிறேன்.

டேங்கில் இருக்கிற பழைய பெட்ரோலை ஒரு டப்பாவில் கவிழ்த்து விடுங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் அது பெட்ரோலாக இருந்து வெகுநாள் ஆகிவிட்டது என்று அர்த்தம். பக்கத்து டேங்கில் இருக்கும் செயின் ஆயிலையும் வடித்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு செயினையும், அது சுற்றி ஓடும் நீளத் தகடான பாரையும் கழற்றித் தனியாக வையுங்கள். இனி மிஷின் கையை அறுக்காது, நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

கருவி அதிகம் தேவையில்லை. மிஷினோடு வந்த ப்ளக் ஸ்பேனர் தொலைந்திருந்தால் 13க்கு 19 சைஸில் ஒன்று வாங்குங்கள். நட்சத்திரத் தலை போல்ட் உள்ள மிஷினுக்கு டி27 பிட் வேண்டும். சாதா ஸ்க்ரூட்ரைவரால் நெம்பித் தலையை மழுக்கிவிட்டால் அப்புறம் அந்த போல்டைக் கழற்றுவது பெரும்பாடு. மண்ணெண்ணெய் கொஞ்சம், பழைய பல் துலக்கும் பிரஷ், கிழிந்த பனியன் துணி, கார்புரேட்டர் கிளீனர் ஒரு டின். கேமரா உள்ள போன் அவசியம். ஒவ்வொரு பாகத்தைக் கழற்றுவதற்கு முன்னும் ஒரு படம் எடுத்துவையுங்கள். மாட்டும்போது அதுதான் உங்களுக்கு வாத்தியார்.

பிஸ்டனைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

செலவு செய்யலாமா வேண்டாமா என்பதை இந்த இடத்தில்தான் தீர்மானிக்க வேண்டும். கார்புரேட்டருக்கும் செயினுக்கும் பணம் போட்ட பிறகு பிஸ்டன் போயிருப்பது தெரிந்தால் மனசு விட்டுப்போகும். அதனால் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ப்ளக்கைக் கழற்றுங்கள். அந்தத் துளை வழியாக நாலைந்து சொட்டு 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் சைலன்ஸரைக் கழற்றுங்கள், இரண்டு மூன்று போல்ட்தான் இருக்கும். உள்ளே சிலிண்டரின் புகை வாசல் தெரியும். கயிற்றை மெதுவாக, அங்குலம் அங்குலமாக இழுத்தால் பிஸ்டன் அந்த வாசலைத் தாண்டி மேலும் கீழும் போகும். டார்ச் அடித்து அதன் பக்கவாட்டைப் பாருங்கள். தொழிற்சாலையில் கடைந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தால் பிஸ்டன் நன்றாக இருக்கிறது. மேலிருந்து கீழாக ஒன்றிரண்டு மெல்லிய கீறல் இருந்தாலும் ஓடும். ஆழமான கோடுகள், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருப்பது, அலுமினியம் உருகித் தேய்த்த மாதிரி பூச்சு ஆகியவை தெரிந்தால் எஞ்சின் ‘சீஸ்’ ஆகியிருக்கிறது, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக் கெட்டிருக்கிறது.

அப்படி ஆகியிருந்தால் சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த கிட் வாங்கி மாட்டுவதுதான் வழி. ஆர்எக்ஸ் 100 பார்த்துப் பழகிய மெக்கானிக், ‘போர் போட்டுக்கலாம் சார்’ என்று சொல்லக்கூடும். அந்த பைக்கின் சிலிண்டரில் இரும்பு லைனர் உண்டு, கடைந்து பெரிதாக்கலாம். ரம்ப மிஷினின் அலுமினிய சிலிண்டருக்குள் இருப்பது மெல்லிய கடினப் பூச்சு. அதைக் கடைந்தால் சிலிண்டர் அதோடு தீர்ந்தது.

பிஸ்டன் நன்றாக இருந்தால் சைலன்ஸரையும் ப்ளக்கையும் திரும்ப மாட்டி, அமுக்கத்தைச் சோதியுங்கள். கயிற்றுப் பிடியை மட்டும் பிடித்து மிஷினைத் தொங்கவிடுங்கள். கொஞ்சம் நின்று, படிப்படியாக இறங்கினால் நல்லது. சர்ரென்று தரைக்கு வந்தால் உள்ளே அமுக்கம் இல்லை. கேஜ் வைத்துப் பார்க்க வசதி இருந்தால், 120 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் கவலையில்லாமல் மேலே போகலாம். 90-க்குக் கீழே என்றால் ரிங்கைப் பார்த்தாக வேண்டும்.

அழுக்கு

இந்த வேலையை வேகமாக முடித்துவிடலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது. மேல் மூடியையும் கயிறு இருக்கிற பக்க மூடியையும் கழற்றினால், மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து இறுகிப்போய் அடையாக ஒட்டியிருக்கும். சிலிண்டரின் காற்று இதழ்களுக்கு நடுவே இருப்பதை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள். தண்ணீர் இல்லாத எஞ்சின் இது, காற்றுதான் குளிர்ச்சி. இதழ் அடைத்திருந்தால் வெந்துவிடும். பிறகு மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ். கடைசியாகப் பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய்க் காற்று அடித்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் பஞ்சாக இருந்து கையில் பொடிந்தால் புதிது வாங்குங்கள்.

பொறி வருகிறதா

ப்ளக்கைச் சுத்தம் செய்து போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதிதே போடுங்கள், பெரிய விலை இல்லை. நம்பரை மட்டும் பழைய ப்ளக்கைப் பார்த்து அதே வகையில் கேளுங்கள். இடைவெளி 0.5 மி.மீ. இருக்க வேண்டும்.

சோதிக்க, ப்ளக்கை ஒயர் தொப்பியில் செருகி, அதன் இரும்பு உடம்பைச் சிலிண்டரில் தொட்டபடி பிடித்துக் கயிற்றை இழுக்கவும். பெட்ரோல் டப்பா பக்கத்திலேயே இருக்கக் கூடாது, ப்ளக் துளைக்கு அருகிலும் பொறி விடக் கூடாது. நிழலில் வைத்துப் பார்த்தால் நீலப் பொறி தெரியும்.

வரவில்லை என்றால் உடனே காயில் (ப்ளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஆஃப் ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் காயிலிலிருந்து பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது பொறி வந்தால் அந்த ஒயர் எங்கோ தோல் உரிந்து உடம்பில் பட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் மிஷினில் எலி கடித்திருந்தது. அப்படியும் வரவில்லை என்றால் சுழல் சக்கரத்தின் காந்தத்தில் துரு ஏறியிருக்கிறதா பாருங்கள், மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து, காந்தம் காயிலை இழுத்துக்கொள்ள விட்டு, போல்டை முடுக்கினால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். இதெல்லாம் செய்தும் பொறி இல்லாவிட்டால்தான் காயிலை மாற்ற வேண்டும்.

பெட்ரோல் போகும் வழி

பெரும்பாலான மிஷின்கள் படுப்பது இங்கேதான். அதனால் இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

இன்று பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2023-இல் தொடங்கிய இ20-இல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வெகுநாள் நின்றால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும். பழைய ரப்பரை உப்பவைக்கும், பிறகு காய்ந்து விறைக்கவைக்கும். பத்து வருடத்துக்கு முந்தைய மிஷினின் ரப்பர் பாகங்கள் இந்த அளவு எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல.

டேங்க் மூடியைத் திறந்து, கம்பியைக் கொக்கி மாதிரி வளைத்து உள்ளே விட்டால் பெட்ரோல் ஃபில்டர் மாட்டிக்கொண்டு வரும். அதை மாற்றுங்கள். அது ஒட்டியிருக்கும் ரப்பர் குழாயை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலும் பிசுபிசுத்தாலும் விறைத்திருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் பெட்ரோலோடு காற்றும் சேர்ந்து போகும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் கிடைப்பதே பெட்ரோலோடு கலந்துதான். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடு ஏறும், சத்தம் மட்டும் ஜோராக இருக்கும், பத்து நிமிடத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஓடவைத்த பழைய மிஷின்கள் இப்படித்தான் சாகின்றன. நான் முதலில் கயிற்றை இழுக்காதீர்கள் என்று சொன்னதற்குப் பெரிய காரணம் இது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் தடித்த ரப்பர் கழுத்தையும் இதே கவலையோடு விரித்துப் பாருங்கள்.

அடுத்தது கார்புரேட்டர். டிவிஎஸ் 50 கார்புரேட்டரில் மிதவை இருக்கும், இதில் இருக்காது. மரத்தில் ஏறிப் படுக்கவைத்தும் சாய்த்தும் அறுக்கிற மிஷினுக்கு மிதவை ஒத்துவராது. அதற்குப் பதிலாக இரண்டு டயாஃப்ராம்கள், அதாவது மெல்லிய சவ்வுகள். ஒன்று எஞ்சினின் துடிப்பை வாங்கிப் பம்பு மாதிரி பெட்ரோலை இழுக்கும். மற்றொன்று எவ்வளவு உள்ளே விட வேண்டும் என்று பார்த்து ஊசியைத் திறந்து மூடும். பழைய பெட்ரோலில் ஊறி இந்த டயாஃப்ராம் அப்பளம் மாதிரி மொடமொடத்துவிடும். காதருகே வைத்து விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். சத்தம் கேட்டால் மாற்ற வேண்டும்.

கார்புரேட்டர் உடம்பில் வால்ப்ரோ அல்லது ஸாமா என்று பெயரும் ஒரு எண்ணும் பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் ரிப்பேர் கிட் தருவார்கள். மிஷின் மாடலைச் சொல்லி வாங்குவதைவிட இது நிச்சயம். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் வைத்துத் திறங்கள். உள்ளே இருக்கும் சின்ன ஸ்ப்ரிங் தெறித்து ஓடினால் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பக்கம் காஸ்கெட் (கசிவைத் தடுக்கும் மெல்லிய அட்டை) முதலில், எந்தப் பக்கம் டயாஃப்ராம் முதலில் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்திலும் வரிசை ஒன்றல்ல, மாறிவிட்டால் பெட்ரோல் வராது.

பம்பு பக்கம் திறந்தால் குட்டி வலை ஒன்று இருக்கும். அதில் பழுப்புப் பிசின் அடைத்திருப்பதைப் பார்த்தாலே வியாதி புரிந்துவிடும். கிளீனரை ஒவ்வொரு துளையிலும் பீய்ச்சி, மறுபக்கம் வருகிறதா பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், எதிர்பாராத துளையிலிருந்து கண்ணுக்கு நேரே வரும். துளைக்குள் கம்பி விடவே கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை கெட்டுவிடும். மீன்பிடி நைலான் நரம்பு போதும். புது ஊசி, புது டயாஃப்ராம், புது காஸ்கெட் போட்டு மூடுங்கள்.

பாரும் செயினும்

பாரின் பள்ளத்தில் இறுகியிருக்கும் தூளை மெல்லிய தகட்டால் இழுத்துவிடுங்கள். ஆயில் வரும் சின்னத் துளையைக் குத்திவிடுங்கள். இரு ஓரத்திலும் பிசிறு எழும்பியிருந்தால் தட்டை அரத்தால் நீவிவிட்டு, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். எப்போதும் ஒரே பக்கம் தேயாமல் இருக்கும். முனையில் சக்கரம் இருந்தால் விரலால் சுற்றிப் பார்த்து ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். கிளட்ச் பக்கம் இருக்கும் பல்சக்கரத்தில் செயின் தேய்த்த பள்ளம் அரை மி.மீ.க்கு மேல் ஆழமாக இருந்தால் அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதுச் செயினும் சீக்கிரம் வீணாகும்.

செயின் துருப்பிடித்திருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். ஒரு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொரு கணுவாக மடக்கிப் பாருங்கள். எல்லாம் இலகுவாக மடங்கினால், வெடிப்பும் இல்லையென்றால், தீட்டினால் போதும். இந்தப் பல்லின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, 1946-இல் மரத்தைக் குடையும் வண்டுப் புழு ஒன்றைப் பார்த்திருக்கிறார். அது இடதும் வலதுமாக மாறிமாறிக் கடித்து முன்னேறியது. அதைப் பார்த்துத்தான் இடப்பல், வலப்பல் என்று மாறிமாறி வரும் இன்றைய வளைந்த செயின் பல்லை அவர் செய்தார். தீட்டும்போது உங்கள் வேலை, அந்த இரண்டு பக்கமும் ஒரே அளவில் கடிக்கும்படி பார்த்துக்கொள்வது.

உருண்டை அரம் சரியான சைஸில் வேண்டும். 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மி.மீ., சின்ன மிஷின்களில் வரும் தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மி.மீ. அரம். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும், திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். கோணம் பொதுவாக 30 டிகிரி, பல்லின் முதுகில் அதற்கான கோடு இருக்கும். ஒரு பல்லுக்கு நாலு இழுப்பு என்றால் எல்லாப் பல்லுக்கும் நாலே இழுப்பு. ஒரு பக்கம் முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இரண்டும் சமமில்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும். நாலைந்து தடவை தீட்டிய பிறகு, பல்லுக்கு முன்னால் இருக்கும் குட்டை மேட்டையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும். பல்லைவிட அது சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கும் அளவு போதும். அதிகம் இறக்கினால் மிஷின் கையை உதறும்.

செயினை மாட்டி இறுக்கும்போது பாரின் முனையைத் தூக்கிப் பிடித்தபடி நட்டை முடுக்குங்கள். அடியில் தொங்கக் கூடாது, ஆனால் கையுறை போட்ட கையால் இழுத்தால் சுற்ற வேண்டும். கைக்கு முன்னால் இருக்கும் பிரேக் தகட்டை முன்னுக்குத் தள்ளினால் ‘டக்’ என்று விழுந்து செயின் அசையாமல் நிற்க வேண்டும். இது வேலை செய்யாத மிஷினை நான் யாருக்கும் ஓட்டக் கொடுக்க மாட்டேன், நானும் ஓட்ட மாட்டேன்.

செயின் ஆயில் டேங்கில் வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அதில் இரும்புத் துகள் இருக்கும், பம்பையும் பாரையும் தின்னும். செயின் சுற்றும்போது அது முழுதும் உங்கள் உடம்பிலும் தோப்பு மண்ணிலும்தான் தெறிக்கிறது. செயின் ஆயில் கிடைக்கவில்லை என்றால் புதிய 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலை ஊற்றுங்கள்.

கலவையும் முதல் ஸ்டார்ட்டும்

அன்றன்று பிடித்த புதுப் பெட்ரோல். ஒரு லிட்டருக்கு 20 மி.லி. ஆயில் என்றால் 50-க்கு 1. இது மிஷின் கம்பெனிகள் தங்கள் தரமான ஆயிலுக்குச் சொல்லும் கணக்கு. பங்க்கில் கிடைக்கும் சாதா 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 40 மி.லி., அதாவது 25-க்கு 1 வைத்துக்கொள்ளுங்கள். புகை கொஞ்சம் கூடும், பிஸ்டன் தப்பிக்கும். அப்பா இருமல் மருந்து மூடியால் அளந்து ஊற்றுவார், அதுவே இன்றும் எங்கள் அளவுகோல். தனி டப்பாவில் கலந்து, நன்றாகக் குலுக்கி, பிறகு மிஷினில் ஊற்றுங்கள்.

லுங்கியும் செருப்பும் இந்த வேலைக்கு ஆகாது. கனத்த பேண்ட், மூடிய பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பு போட்டுக்கொள்ளுங்கள். மிஷினைத் தரையில் வையுங்கள், பிரேக் போட்டிருக்கட்டும். வலது காலைப் பின்பிடிக்குள் நுழைத்து மிதித்து, இடது கையால் முன்பிடியை அழுத்திப் பிடிக்கவும். சோக்கை முழுதும் போட்டுக் கயிற்றை இழுங்கள். சில இழுப்பில் ‘டுப்’ என்று ஒரு சத்தம் வந்து நின்றுவிடும். அதோடு சோக்கைப் பாதிக்குக் கொண்டுவந்து மறுபடி இழுக்க வேண்டும். அந்த ‘டுப்’பைக் கவனிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் ப்ளக் நனைந்துவிடும். அப்போது ப்ளக்கைக் கழற்றித் துடைத்து, ஸ்விட்சை ஆஃப் செய்து, சோக் இல்லாமல் பத்துத் தடவை இழுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இழுப்பது மட்டும் வேண்டாம்.

ஓட ஆரம்பித்ததும் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டினால் ஐட்லிங்குக்கு இறங்கும். பிரேக்கை விடுங்கள். ஐட்லிங்கில் செயின் அசையவே கூடாது. அசைந்தால் ஐட்லிங் திருகை இடப்பக்கம் திருப்பிக் குறையுங்கள். ஒரு வெள்ளை அட்டைக்கு மேலே பாரின் முனையைக் காட்டி வேகம் கொடுத்தால் மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் அறுக்கப் போகாதீர்கள்.

கார்புரேட்டரில் எல், எச் என்று இரண்டு திருகுகள். பழைய மிஷின் பலவற்றில் இரண்டையும் லேசாக மூடி, ஒவ்வொரு சுற்றுத் திறப்பது ஆரம்ப நிலை. எல் திருகு ஐட்லிங்கும் ஏறுவேகமும் சீராக வருவதற்கு. எச் திருகுதான் உயிர். முழு வேகத்தில் இரண்டு விநாடி கேளுங்கள். மெல்லிய கரகரப்பு இருக்க வேண்டும், மரத்தில் இறக்கியதும் அது மறைந்து சீராக வேண்டும். கரகரப்பே இல்லாமல் விசில் மாதிரி கூர்மையாகக் கத்தினால் பெட்ரோல் பற்றவில்லை, உடனே எச் திருகைக் கால் சுற்றுத் திறங்கள். அந்தக் கூர்மையான சத்தம் கேட்க வேகமாக இருக்கும், அதில் மயங்கிவிடக் கூடாது.

ஐந்து நிமிடம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்தால் மறுபடி ஓடுகிறதா? டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெரிய வியாதி இல்லை.

முதல் அறுப்புக்குத் தரையில் கிடக்கும் காய்ந்த முந்திரிக் கட்டை நல்லது. மண் ஒட்டிய பட்டையை முதலில் துடைத்துவிடுங்கள், மண் பட்டால் தீட்டிய பல் நொடியில் மழுங்கும். செதில் செதிலாக விழுந்தால் செயின் கூர்மை, மாவாக விழுந்தால் மழுங்கல். பார் முனையின் மேல் கால்வாசி எதிலும் படக் கூடாது. பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும், இந்த மிஷினில் நடக்கும் கோரமான விபத்துகள் பல அப்படித்தான் நடக்கின்றன. புயலில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, கிளை வில்லாக வளைந்து நிற்கும் மரத்தைப் புதியவர்கள் தொட வேண்டாம். பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.

வேலை முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் மிஷினைத் தொடமாட்டீர்கள் என்றால், டேங்கை வடித்துவிட்டு, மிஷின் தானாக நிற்கும்வரை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதும் எரிந்துவிடும். சைலன்ஸர் வாயில் ஒரு துணியைச் செருகிவையுங்கள், குளவி வராது. எடுக்கும்போது மறக்காமலிருக்க சிவப்புத் துணியாக இருக்கட்டும்.